பிள்ளைக்கு வாய் வரட்டும்

வெள்ளிக்கிழமை காலை. வெளிநோயாளிகள் கூட்டம் வராந்தா முழுக்க நின்றது. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் முழங்கை வரை வெந்துபோய் வந்த ஓர் ஆளுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கேட் வாட்ச்மேன் உள்ளே வந்து, "சிஸ்டர், டாக்டர் ஐயா போயிட்டாகளாம். விருதுநகர்ல இருந்து ஆள் வந்திருக்கு" என்றார். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லாமல் டாக்டர் ஐயா என்றால் ஞானமுத்து டாக்டர்தான். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் அப்படித்தான். கட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. நோயாளியைப் பாதிக் கட்டோடு உட்கார வைத்துவிட்டு ஓடினேன் என்று தெரிந்தால் மனுஷன் சவப்பெட்டிக்குள் இருந்தே சத்தம் போடுவார். கட்டி முடித்து, கையைக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன்.

ஆஸ்பத்திரி நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவருடைய கைராசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அவர்தான் பிரசவம் பார்த்தார், மீதிப் பேருக்குத் தீக்காயம் பார்த்தார். நான் எழுதப்போவது அவரோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்ட ஒரு விஷயம். சம்பந்தப்பட்ட தாயிடமும் பிள்ளையிடமும் கேட்டுவிட்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். டாக்டர் பெரிய மகான், நான் அவருடைய சிஷ்யை என்று எழுத எனக்கு வராது. சாகிற வரைக்கும் அந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் முழுசாக ஒத்துப்போகவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற குடும்பங்களில் ஆண் பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரி வாசலிலேயே சரம் வெடிப்பார்கள். பெண் பிள்ளை என்றால் சரம் அடுத்த பிரசவத்துக்காக வீட்டுக்குத் திரும்பிப் போகும். வளாகத்துக்குள் வெடிக்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டினோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓரடி தள்ளி நின்று வெடித்தார்கள். பிரசவ அறையிலிருந்து ஒரு நர்ஸ் வராந்தாவுக்கு வந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருஷ வாக்கில் ஒரு சித்திரை மாதம், அப்படிக் காத்திருந்தவர் கருப்பசாமி. அச்சங்குளத்தில் ஒரு கம்பெனியில் போர்மேன். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து முதல் பிரசவம். காலையிலிருந்து வெயிலில், தோளில் சரத்தைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே அவர் மனைவி முத்தம்மாள் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முந்தின இரவு டியூட்டி முடிந்து, மாற்று ஆள் வராததால் பகலும் தொடர்ந்தது. நடுப்பகலில் பிள்ளை பிறந்து வீறிட்டது. துடைத்துத் துணியில் சுற்றும்போது ஒரு பார்வை பார்த்தேன். டாக்டர் அந்தப் பக்கம் தாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்து பார்க்கட்டும் என்று இருந்திருக்க வேண்டும். என் அம்மா என்னை அவசரக்குடுக்கை என்று திட்டியதெல்லாம் சும்மா இல்லை. வாசலில் அந்த மனுஷன் வெயிலில் காய்கிறாரே என்ற இரக்கம் வேறு. வராந்தாவுக்குப் போய், "பையன்தான்யா" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி உள்ளே வந்தபோது டாக்டர் பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சரம் பிடித்துக்கொண்டு படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது.

"யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர்."

"கிட்ட வந்து பாருங்க."

பார்த்தேன். நான் பையனுக்குரியது என்று நினைத்தது அதுவாக இல்லை. மற்றதாகவும் இல்லை. எதையும் அடித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது. அதுவரை பார்த்த வேலையில் நான் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை, அல்லது பார்த்தும் அவசரத்தில் தெரியாமல் விட்டிருக்கிறேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரம் அடங்கும் வரை பிள்ளையின் காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் தாய் தகப்பன் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னார். பிள்ளை நல்லாயிருக்கு, பால் குடிக்குது, மூத்திரம் தடையில்லாமப் போகுது, ஆணா பொண்ணான்னு மட்டும் இப்பச் சொல்ல முடியாது, என்றார். முத்தம்மாள் சத்தமில்லாமல் அழுதாள். கருப்பசாமி சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "வெடிச்சுட்டேனே, டாக்டர்."

மாதம் ஒருமுறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய சர்ஜன் வந்து போவார். அவரிடம் பிள்ளையைக் காட்டினார்கள். வெளிநாட்டில் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள் என்று அவர் விளக்கினார். இரண்டு வயதுக்குள் ஏதாவது ஒரு பக்கமாக வெட்டிச் சரிசெய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, முக்கியமாகப் பிள்ளையிடம் என்றைக்கும் சொல்லக் கூடாது. இல்லாவிட்டால் மனசு கெட்டுப்போகும். பெண்ணாக்குவதுதான் கத்திக்குச் சுலபம் என்றார். கருப்பசாமி ஒத்துக்கொள்ளவில்லை. ஊரறிய வெடித்தாகிவிட்டது, ஆணாக்கித்தான் தர வேண்டும் என்றார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். தகராறெல்லாம் எந்தப் பக்கம் வெட்டுவது என்பதில்தான். வெட்ட வேண்டுமா என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளை தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஞானமுத்து டாக்டர் கடைசியாகத்தான் பேசினார். "நோவு இருக்கிற இடத்துலதான் கத்தி வைக்கணும். இந்தப் பிள்ளைக்கு எங்க நோவு? மூத்திரம் அடைச்சதுன்னா இன்னைக்கே வெட்டுவேன். அடைக்கலை. பொறுங்க, பிள்ளைக்கு வாய் வரட்டும்." சர்ஜன் சிரித்துவிட்டார். மூன்று வயதுப் பிள்ளையைக் கேட்டா ஆபரேஷன் செய்வார்கள் என்றார். "மூணு வயசுன்னு யாரு சொன்னா?" என்றார் டாக்டர்.

பிறப்புப் பதிவுத் தாளில் ஆண், பெண் என்ற இடத்தை அவர் காலியாக விட்டு அனுப்பினார். பதிவு ஆபீசிலிருந்து அது இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை அந்தக் கிளார்க்கே நேரில் வந்து, ரெண்டுல ஒண்ணை எழுதுங்க, எனக்கு வேலை போயிரும், என்று கெஞ்சினார். நான் முன்பே சொல்லித் தொலைத்ததால் ஆண் என்று எழுதினோம். பெயர் தங்கச்சாமி. எல்லோரும் தங்கம் என்று கூப்பிட்டார்கள். நானும் பிள்ளை, தங்கம் என்றே இதில் எழுதுகிறேன்.

கருப்பசாமி விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் தீபாவளி முடிந்ததும் வருவார். எப்பச் செய்வீக, டாக்டர், என்று நிற்பார். முடியாது என்று சொன்னால் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்பது டாக்டருக்குத் தெரியும். அதனால் அவர் முடியாது என்று சொல்லவே மாட்டார். செய்வோம் என்று தேதி குறித்துக் கொடுப்பார். சீட்டு எழுதுவது என் வேலை. மூன்றாவது வருஷம் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாத் தேதியும் ஆவணியில் விழுந்தது. ஆவணி, புரட்டாசி என்றால் பட்டாசுக் கம்பெனிகளில் தலைக்கு மேல் வேலை. ஆர்டர் நெருக்கும், ராப்பகலாக லோடு ஏறும். போர்மேனுக்கு அரை நாள் லீவு கிடைக்காது. தகப்பன் வந்து கையெழுத்துப் போடாமல் ஆபரேஷன் கிடையாது என்று டாக்டர் சட்டம் வேறு பேசிவைத்திருந்தார். தேதி தவறிப்போகும், தீபாவளி கழிந்து அவர் மறுபடி வருவார், அடுத்த ஆவணிக்குச் சீட்டு எழுதுவோம்.

"வேணும்னேதான செய்றீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்ன செய்ய, சிஸ்டர்? கம்பெனிக்கு லோடு போகணும்ல" என்று முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இடையில் முத்தம்மாள் என்னிடம் தனியாக வந்து போவாள். அவளைப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளையைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் குளிப்பாட்டுவாள். ஒரு சொந்தக்காரியிடமும் தூக்கக் கொடுக்க மாட்டாள். மல்லாங்கிணற்றில் தாய் வீடு, நாலு வருஷமாக அங்கே போகவில்லை. குழாயடியில் பெண்கள் ஜாடை பேசினார்கள். ஒருநாள் டாக்டரிடமே கேட்டுவிட்டாள். "இன்னைக்கு நான் இருக்கேன், குளிப்பாட்டுறேன். நான் செத்தா யாரு டாக்டர் குளிப்பாட்டுவா?"

"அதுக்குள்ள அதுவே குளிச்சுக்கிடும், தாயி" என்றார் டாக்டர்.

முத்தம்மாள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அவள் போன பிறகு நான் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஒருவர் மனசாட்சி சுத்தமாக இருப்பதற்கு அந்தப் பெண் இன்னும் எத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டும் என்று கேட்டேன். வெட்டிவிட்டால் அவளாவது நிம்மதியாகத் தூங்குவாள் என்றேன். என் பக்கம் நியாயம் இல்லை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். எனக்குள் வேறொன்றும் இருந்தது. அந்தப் பிள்ளையை வெட்டிச் சரியாக்கிவிட்டால் நான் வராந்தாவில் சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும். இதை அப்போது என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

டாக்டர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. உட்காருங்கள் என்றார். தங்கம் பிறப்பதற்கு முந்தின வருஷம் நடந்ததைச் சொன்னார். கிராமத்திலிருந்து ஒரு மாமியார் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாளாம். பதினெட்டு வயசுப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம், புருஷன் பக்கத்தில் வந்தாலே வலியில் துடிக்கிறாள் என்று. டாக்டர் பரிசோதித்தார். உள்ளே பழைய தழும்பு இருந்தது. அவர் இளம் டாக்டராகப் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தபோது, இதே மாதிரி ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு அவருடைய பெரிய டாக்டர் வெட்டினார், இவர் தைத்தார்.

"தையலைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, சிஸ்டர். என் கை எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு கேக்குது, சின்னதுல எனக்கு என்ன சீக்கு, எதுக்கு ஆபரேஷன் பண்ணாகன்னு. வீட்டுலயும் யாரும் சொல்லலையாம். நான் குடலிறக்கம்னு சொன்னேன்." தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுக்கு ஒரு சீக்கும் இல்லை. நாங்க தைக்கிற வரைக்கும்" என்றார்.

முத்தம்மாளுக்கு என்ன பதில் என்று நான் மறுபடி கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "தெரியலை" என்றார். எனக்குத் தெரிந்து அவர் ஒரு நர்ஸிடம் தெரியலை என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அதோடு அந்தப் பேச்சை நிறுத்தினோம். இரண்டு பேரும் களைத்துப் போயிருந்தோம்.

தங்கத்துக்கு ஒன்பது வயது நடந்த வருஷம் ஆவணியில், கருப்பசாமியின் கம்பெனியில் ஒரு ஷெட் தீப்பிடித்தது. ஆள் சேதம் இல்லை, ஆனால் அதிகாரிகள் வந்து கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சீசன் நேரத்தில் வேலை இல்லை. சீட்டில் எழுதிய தேதியன்று காலை ஏழு மணிக்கெல்லாம் கருப்பசாமி, முத்தம்மாள், தங்கம் மூவரும் பாய், தலையணை, சொம்போடு வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். என் கையெழுத்தில் எழுதிய சீட்டைக் கருப்பசாமி நீட்டினார். அன்றைக்குப் பார்த்து அந்தப் பெரிய சர்ஜனும் வந்திருந்தார். நான் கத்திகளைக் கொதிநீரில் போட்டுவிட்டேன். ஒருவழியாக இது முடிகிறது என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் மூவரையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். தங்கத்தை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தான் எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். சொல்லவே கூடாது என்று சர்ஜன் சொன்ன எல்லாவற்றையும் சொன்னார். உன் உடம்பு இப்படி இருக்கிறது, நிறையப் பேருக்கு இப்படி இருக்காது, சில பேருக்கு இருக்கும், இது நீ செய்த தப்பு இல்லை, உன் அம்மா செய்த தப்பும் இல்லை. அப்பா வெட்டி மாற்றச் சொல்கிறார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். கருப்பசாமி எழுந்தே விட்டார். முத்தம்மாள் அவர் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிள்ளை யோசித்தது. "வெட்டுனா வலிக்குமா?" என்று கேட்டது.

"வலிக்கும். ஒரு தடவையோட முடியாது. ரெண்டு, மூணு தடவை ஆகும்."

"வெட்டாட்டி வலிக்குமா?"

"உனக்கு வலிக்காது."

"அப்ப யாருக்கு வலிக்குது?"

கருப்பசாமி மேல்துண்டை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். டாக்டரும் நானும் பின்னாலேயே போனோம். வராந்தாவில், நான் பையன் என்று சொன்ன அதே இடத்தில், கருப்பசாமி தூணில் சாய்ந்து நின்று, ஊரறிய வெடிச்சேனே டாக்டர், ஊரறிய வெடிச்சேனே, என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது பத்து நிமிஷச் சத்தம், கருப்பசாமி" என்றார் டாக்டர். "ஊரு அன்னைக்கே மறந்துருச்சு. நீங்கதான் ஒம்போது வருஷமா இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கீக."

அவர்கள் மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். சர்ஜன் கோபித்துக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. அவரால் பிழைத்திருக்கக்கூடிய நாலைந்து நோயாளிகளை அந்த வருஷம் வெளியூருக்கு அனுப்ப வேண்டி வந்தது. அதையும் எழுதாமல் விட்டால் கணக்குச் சரியாக வராது. நான் கொதிநீரிலிருந்து கத்திகளை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. அப்படி நடக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தங்கம் தனியாக ஒதுங்கப் போவதைப் பார்த்துப் பையன்கள் துரத்தினார்கள். டாக்டர் நேரில் போய் ஹெட்மாஸ்டரிடம் பேசினார். பேசினதற்கு ஒரு மாதம் மரியாதை இருந்தது. பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு நின்றது. இப்போது சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் காகிதம் அடுக்குகிற வேலை. சட்டையும் வேட்டியும் உடுத்திக்கொள்கிறது. இனி எப்படி என்று கேட்டால், பிறகு பார்ப்போம் என்கிறது. முத்தம்மாள் தாய் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டாள். வெட்டியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்குமா என்று என்னிடம் கேட்டால், தெரியலை என்றுதான் நானும் சொல்வேன். அதை வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பது மட்டும் இப்போது புரிகிறது.

சனிக்கிழமை விருதுநகரில் அடக்கம். கோயிலில் ஜெபம் முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டி போனபோது கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். தோட்டத்துக் கேட்டில் தங்கத்தைப் பார்த்தேன். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. தோளில் பெரிய சரம் ஒன்று, கையில் தீப்பெட்டி. அப்பன் தோளில் பார்த்தது போலவே இருந்தது. சபைப் பெரியவர் ஒருவர், இதெல்லாம் நம்ம வழக்கம் இல்லை, கொண்டு போ, என்று விரட்டிக்கொண்டிருந்தார். தங்கம் என்னைக் கண்டதும் நேரே என்னிடம் வந்தது.

"சிஸ்டர், அப்பா குடுத்து விட்டாக. ஐயாவுக்கு வெடிக்கணுமாம். இவுக கூடாதுங்காக. வெடிக்கவா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

எனக்கு அந்தப் பெரியவர் மேல் எரிச்சலாக வந்தது. எங்கள் டாக்டருக்கு வெடிக்காமல் வேறு யாருக்கு வெடிப்பது? வெடி, எவன் கேட்கிறான் என்று பார்க்கலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்டில் ஒரு ஆள், தோளில் சரம், என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வார்த்தையை முழுங்கினேன்.

"நீ என்ன நினைக்கிற, தங்கம்?" என்று கேட்டேன்.

அதை யாராவது கேட்பார்கள் என்று அது எதிர்பார்க்கவில்லை. சரத்தைப் பார்த்தது, உள்ளே பெட்டியைப் பார்த்தது. கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. நான் அவசரப்படுத்தாமல் நின்றேன்.

"வேண்டாம், சிஸ்டர்" என்றது. "நான் பொறந்தப்ப வெடிச்சதுக்கே இன்னும் பதில் சொல்லி முடியலை."

சரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பிடி மண் போட உள்ளே போனது.

சரம் என் அலமாரியில், பழைய யூனிபார்ம்களுக்கு அடியில் இருக்கிறது. பட்டாசுக் காயத்துக்கு மருந்து போடுகிற நர்ஸ் வீட்டில் வெடி வைத்திருப்பது கிறுக்குத்தனம் என்று எனக்குத் தெரியும். வருகிற மழையில் நமுத்துவிடும். டாக்டர் ஐயா நினைவாக எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றும், தங்கத்திடம் நான் கேட்ட அந்த ஒரு கேள்வியும்தான். அன்றைக்குப் பிரசவ அறையில் அதைக் கேட்க முடியாது, பிள்ளைக்கு வாய் இல்லை. ஆனால் வராந்தாவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.